கூரையை இன்றே மூடுங்கள், உடைந்த ஓடுகளை எடுத்து வையுங்கள்

திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

“கடந்த ஞாயிறு மாலை கோடை மழையோடு வந்த சூறைக்காற்றில் பக்கத்துக் கொல்லையிலிருந்த தென்னை மரம் எங்கள் வீட்டின் முன்கட்டுக் கூரைமேல் விழுந்துவிட்டது. அப்பா 1984இல் கட்டிய வீடு. முன்கட்டு மங்களூர் ஓடு, பின்கட்டு கான்கிரீட் தளம். மாடியில் போட்டிருந்த கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளில் பாதி பறந்துவிட்டன. மழை உள்ளே இறங்கிக் கட்டில், மெத்தை, பீரோ, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் நனைந்துவிட்டன. பின்கட்டைப் புதுப்பிக்க வங்கியில் கடன் வாங்கியபோது காப்பீட்டுக்கென்று ஒரு தொகையைப் பிடித்தார்கள். பாலிசி என் கையில் இல்லை. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று எல்லாரும் சொல்வதால் நான்கு நாளாகக் கூரை திறந்தே கிடக்கிறது. பழைய ஓட்டு வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது என்கிறார் உறவினர் ஒருவர். கொத்தனாரோ, ‘மதிப்பீட்டை இரண்டு மடங்காகப் போட்டுத் தருகிறேன், அப்போதுதான் பாதியாவது வரும்’ என்கிறார். அம்மாவுக்கு 78 வயது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?”

சகோதரிக்கு வணக்கம்.

மற்றக் கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்வேயருக்காகக் காத்திராமல், இன்று பொழுது சாய்வதற்குள் அந்தக் கூரையைத் தார்ப்பாய் கொண்டு மூடிவிடுங்கள். “எதையும் தொடக்கூடாது” என்று உங்களிடம் சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது பாதி உண்மை. சர்வேயர் பார்ப்பதற்கு முன் நிரந்தரமாகப் பழுது பார்க்கக் கூடாது, உடைந்த பொருள்களை அப்புறப்படுத்தக் கூடாது என்பது சரி. ஆனால் இருக்கும் சேதம் மேலும் பெருகாமல் தடுக்க நியாயமான நடவடிக்கைகளை எடுப்பது காப்பீடு செய்தவரின் கடமை என்று பாலிசியின் நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கிறது. கூரையைத் திறந்து போட்டுவிட்டு அடுத்த மழையில் சுவர் இடிந்தால், அந்தச் சுவர் காற்றால் விழுந்ததா, கவனிப்பின்மையால் விழுந்ததா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு உங்களுக்குச் சாதகமான பதில் கிடைப்பது கடினம்.

உரிமம் பெற்ற இழப்பு மதிப்பீட்டாளராக, அதாவது நீங்கள் சொல்லும் சர்வேயராக, 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, உங்கள் பகுதியில் வாரக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அப்போது பார்த்த ஒரு வீடு இன்னும் நினைவில் நிற்கிறது. காற்று அவர்களுடைய ஓட்டுக் கூரையின் ஒரு பக்கச் சரிவை மட்டுமே பிய்த்திருந்தது. சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்ததால் நான் அங்கே போய்ச் சேர ஒன்பது நாள்கள் ஆயின. அதுவரை அவர்கள் ஓர் ஓட்டைக்கூட நகர்த்தாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். இடையில் பெய்த மழையில், மண் சாந்து வைத்துக் கட்டிய நடுச்சுவர் ஊறிப்போய்ச் சரிந்துவிட்டது. கூரைக்கு இழப்பீடு கிடைத்தது. சுவர் புயலின் நேரடி விளைவு அல்ல என்று நிறுவனம் ஆட்சேபித்தது. அந்தக் குடும்பத்துக்குத் தவறான தகவல் சொல்லப்பட்டதை என் அறிக்கையில் எழுதியும், சுவருக்கு ஒரு பகுதித் தொகைதான் வந்தது. பத்து நிமிடத்தில் கட்டியிருக்கக் கூடிய ஒரு தார்ப்பாய் இல்லாததால் நேர்ந்த இழப்பு அது. உங்கள் வீட்டுக்கு அப்படி நேர வேண்டாம்.

மூடுவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் படம் எடுப்பதற்குச் செலவிடுங்கள். வீட்டின் நான்கு மூலைகளிலிருந்தும் முழு வீடும் தெரியும்படி முதலில் எடுக்க வேண்டும். பிறகு மரம் கூரையில் கிடக்கும் கோலம், அது வேரோடு சாய்ந்த இடம், வேருக்கும் உங்கள் சுவருக்கும் உள்ள தூரம் ஆகியவை ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். அதன்பின் ஒவ்வோர் அறையிலும் கீழிருந்து மேலாக, வானம் தெரியும் ஓட்டைகளை எடுங்கள். கடைசியாக, ஒடிந்த கைமரம் (கூரையைத் தாங்கும் சரிவு மரம்), முறிந்த ரீப்பர் (அதன் குறுக்கே ஓடு பதியும் சட்டம்), உடைந்த ஓடு ஆகியவற்றை அருகில் சென்று எடுங்கள். அளவு புரிய ஒரு டேப்பை விரித்துப் பக்கத்தில் வைத்தால் போதும். தெருவிலிருந்து ஆரம்பித்து வீட்டைச் சுற்றிவந்து உள்ளே நுழையும் வரை நிறுத்தாமல் ஒரு காணொளியும் எடுத்துவிடுங்கள். நான்கு நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரவே உறவினர்களுக்கு நீங்கள் அனுப்பிய படங்கள் இருந்தால் அவையும் சான்றுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களிலிருந்து, எடுத்த நாளும் நேரமும் பற்றிய உள்விவரங்கள் நீங்கிவிடும் என்பதால், மூலப் படங்களை எடுத்த கைபேசியிலேயே அழிக்காமல் வைத்திருங்கள்.

தார்ப்பாயைக் கட்டும்போது ஓடுகளின்மேல் ஆணி அடிக்க வேண்டாம். முகட்டுக்கு அந்தப் பக்கம் வரை பாயை இழுத்துப் போட்டு, மணல் மூட்டைகளைக் கயிற்றில் கோத்து இருபுறமும் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. மரத்தின் எடை இன்னும் சுவரை அழுத்திக் கொண்டிருப்பதால் படம் எடுத்து முடித்ததும் அதை அறுத்து இறக்கிவிடலாம். ஆனால் வீட்டுக்கு வரும் மின் கம்பி அறுந்தோ தொய்ந்தோ இருந்தால் முதலில் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்த்த பிறகே ஆளை ஏற்றுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் துண்டுகளை உலர்ந்த நிலையில் உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, முழுத் துண்டாக எடுத்து ஓரமாக அடுக்கச் சொல்லுங்கள். தார்ப்பாய், கயிறு, மரம் அறுத்த கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். கூலியாளிடம் ரசீதுப் புத்தகம் இருக்காது. ஒரு வெள்ளைத் தாளில் பெயர், தேதி, செய்த வேலை, தொகை எழுதிக் கையொப்பம் வாங்கினாலே போதும்.

உடைந்த ஓடுகளையும் மரத்துண்டுகளையும் மட்டும் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். உங்கள் உறவினர் சொன்ன “பழைய ஓட்டு வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது” என்ற வாதத்துக்கு மறுப்பு அந்தக் குவியலில்தான் இருக்கிறது.

கூரையின் வயதுக்கும் கோரிக்கை ஏற்கப்படுவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சர்வேயர் தேடுவது ஒரே ஒரு விடையைத்தான்: இந்தக் கூரையை உடைத்தது அன்றைய காற்றும் மரமுமா, அல்லது பல ஆண்டுத் தேய்மானமா? தேய்மானத்தையும் பராமரிப்பின்மையையும் எந்த வீட்டுக் காப்பீடும் ஏற்காது. ஆனால் 40 ஆண்டு பழைய கூரை, மரம் விழும் வரை உறுதியாக நின்றிருந்தால், அதை உடைத்தது மரம்தான். இதை நாங்கள் எப்படிக் கண்டுகொள்கிறோம் என்று சொன்னால், நீங்கள் எதைப் பாதுகாக்க வேண்டும் என்பது தெளிவாகும். மங்களூர் ஓடு புதிதாக உடைந்தால் முறிந்த முகம் செங்கல் சிவப்பில் சுத்தமாக இருக்கும். முன்பே உடைந்திருந்தால் அந்த முகத்திலும் பாசியும் கரியும் படிந்திருக்கும். மரம் புதிதாக முறிந்தால் நார் நாராகப் பிளந்து, உள்நிறம் வெளிறித் தெரியும்; செல்லரித்து முறிந்ததென்றால் முறிந்த இடம் கருத்து, விரலால் தொட்டாலே பொடியாகும். ஷீட்டைக் காற்று தூக்கியிருந்தால் போல்ட் துளையைச் சுற்றிக் கிழிந்திருக்கும். போல்ட் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தால் துளை முழுதாக இருக்க, போல்ட்டின் தலை மட்டும் காணாமல் போயிருக்கும். காற்று ஒரு கூரையைப் பிய்க்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இறவாணத்துக்கு, அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்புக்கு, அடியில் நுழையும் காற்று மேல்நோக்கித் தள்ள, முகட்டைத் தாண்டும் காற்று மறுபக்கச் சரிவை உறிஞ்சி இழுக்கிறது. அதனால்தான் இறவாணத்து ஓடுகளும் முகட்டு ஓடுகளும் ஓரங்களும் முதலில் கழன்று விழுகின்றன. மரம் விழுந்த இடத்தைத் தவிர மற்ற இடங்களிலும் இப்படி ஓரங்களில் ஓடு கழன்றிருந்தால், அவற்றையும் தனியாகப் படம் எடுத்துக் கோரிக்கையில் சேருங்கள். பலர் மரம் விழுந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். எனவே, புதிதாக முறிந்த முகம் தெரியும் ஓட்டுத் துண்டுகளில் ஒரு சாக்கு நிறைய, ஒடிந்த கைமரங்களின் இரு முனைகள், கிழிந்த துளையுள்ள ஷீட்டுத் துண்டுகள் சில ஆகியவற்றை நனையாத இடத்தில் எடுத்து வையுங்கள்.

உங்கள் கைமரங்களில் ஒன்றிரண்டில் செல்லரிப்பு இருக்கலாம்; அந்த வயது வீட்டில் அது இயல்பு. அதை மறைக்க முயல வேண்டாம். அந்த மரங்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினால் அவற்றின் விலையை மட்டும் சர்வேயர் கழிப்பார். மறைத்து வைத்து அவர் கண்டுபிடித்தாரென்றால் மற்ற நல்ல மரங்களையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார். பின்கட்டுக் கான்கிரீட் தளத்தில் எங்காவது நீர்க் கசிவு இருந்தால், அதையும் இந்தக் கோரிக்கையோடு சேர்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. காற்றோ மரமோ தளத்தில் புதிதாக ஒரு திறப்பை உண்டாக்காத நிலையில், விரிசல் வழியாக ஊறும் நீர் காலப்போக்கில் வந்த பழுதாகவே கருதப்படும். நிராகரிக்கப்படும் ஓர் இனத்தைச் சேர்ப்பதால் உண்மையான இனங்களின்மீதும் ஐயம் படரும்.

அடுத்து, பாலிசி. நாளைக் காலையிலேயே வங்கிக் கிளைக்குச் சென்று, கடன் கணக்கோடு இணைந்த காப்பீட்டின் பாலிசி எண்ணையும், அட்டவணையோடு (எதற்கு, எவ்வளவு தொகைக்குக் காப்பீடு என்று காட்டும் பக்கம்) கூடிய முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். பிரீமியம் உங்கள் கணக்கிலிருந்து போயிருப்பதால் அந்த ஆவணத்தைப் பெறுவது உங்கள் உரிமை. முதலில் பார்க்க வேண்டியது, அது வீட்டுக் காப்பீடுதானா, அல்லது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடா என்பது. வங்கிகள் இரண்டையும் “லோன் இன்சூரன்ஸ்” என்றே சொல்வதால் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். வீட்டுக் காப்பீடு என்றால், பெரும்பாலும் “பாரத் கிருஹ ரக்ஷா” என்ற பெயர் இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நிலையான பாலிசி அது. புயல், சூறாவளி, வெள்ளம், மரம் போன்ற வெளிப்பொருள் வந்து மோதுவதால் ஏற்படும் சேதம் எல்லாம் அதில் அடங்கும். உங்கள் வீட்டில் காற்றும் மரமும் சேர்ந்தே சேதம் செய்திருப்பதால், கோரிக்கைப் படிவத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். வீட்டோடு இணைந்த புறக்கட்டடம், சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி போன்றவையும் கட்டடம் என்ற சொல்லுக்குள் வருவதால் மாடிக் கொட்டகையை விட்டுவிட வேண்டாம். பழுது பார்க்கும் காலத்தில் வீட்டில் வசிக்க முடியாமல் போனால் வாடகை வீட்டுக்கான செலவும், இடிபாடுகளை அகற்ற இழப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு வரையும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 விழுக்காடு வரையும் கேட்கலாம். 78 வயது அம்மாவை நனைந்த சுவர்களுக்கு நடுவே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்காகவே வாடகைச் செலவை அழுத்திச் சொல்கிறேன். கட்டில், மெத்தை, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடைக்க, வீட்டுப் பொருள்களும் காப்பீட்டில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பாலிசியில் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை பொருள்களுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வங்கிகள் சில நேரம் கட்டடத்துக்கு மட்டும் எடுப்பதால் அட்டவணையில் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.

வங்கி எடுக்கும் காப்பீட்டில் இன்னொரு சிக்கல் வழக்கமாக வருகிறது. கடன் தொகை எவ்வளவோ அந்த அளவுக்கே காப்பீடு செய்திருப்பார்கள். பழைய வகை பாலிசியாக இருந்தால் அதில் “சராசரி விதி” என்ற ஒன்று இருக்கும். உதாரணத்துக்கு, இன்றைய விலையில் திரும்பக் கட்ட 20 லட்சம் ரூபாய் ஆகும் வீட்டை 8 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், பத்தில் நான்கு பங்குதான் காப்பீட்டில் இருக்கிறது என்று கொண்டு, 1 லட்சம் ரூபாய் சேதத்துக்கு 40,000 ரூபாய்தான் கணக்கிடுவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விதி முழுமையாக நீக்கப்பட்டிருக்கிறது; காப்பீட்டுத் தொகையைத் தாண்டாத வரை, பழைய நிலைக்குக் கொண்டுவர உண்மையில் ஆகும் பழுதுச் செலவு முழுவதையும் தர வேண்டும். ஆகவே, யாராவது உங்கள் தொகையைச் சராசரி விதி காட்டிக் குறைத்தால், பாலிசியின் பெயரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். எக்சஸ் (சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) என்று அட்டவணையில் எழுதியிருக்கும் தொகை மட்டும் எப்படியும் கழியும்.

நிறுவனத்துக்குத் தகவல் சொல்வதை ஆவணங்கள் கைக்கு வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். பாலிசி எண் கிடைத்த உடனே தொலைபேசியில் சொல்லி, கோரிக்கைப் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். நான்கு நாள் தாமதத்துக்கான காரணத்தை, அதாவது பாலிசி கையில் இல்லை என்பதை, ஒரே வரியில் எழுதினால் போதும். நியாயமான காரணத்தால் தாமதமாகச் சொல்லப்படும் உண்மையான கோரிக்கைகளைத் தாமதத்தை மட்டுமே காரணமாக வைத்து நிராகரிக்கக் கூடாது என்று ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்றே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கோரிக்கைப் படிவத்தை, சேதத்தை முதலில் கண்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். 2024இல் ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும்; அவர் 15 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும்; அறிக்கை வந்த 7 நாள்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இந்தத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தாண்டும்போது மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இப்போது அடித்தது பெயர் சூட்டப்பட்ட புயல் அல்ல என்பதால், அன்று சூறைக்காற்று வீசியதற்கே சான்று கேட்கப்படலாம். கஜாவின்போது யாரிடமும் அந்தக் கேள்வி எழவில்லை. கோடை மழைக் காற்றோ ஓர் ஊரில் மரத்தைச் சாய்த்துவிட்டு, அடுத்த ஊரில் இலையைக்கூட அசைக்காமல் போகும். இத்தனை கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அடித்தால்தான் செல்லும் என்ற அளவுகோல் எதுவும் பாரத் கிருஹ ரக்ஷாவில் கிடையாது. எனவே நாகப்பட்டினம் அல்லது அதிராம்பட்டினம் வானிலை நிலையத்தில் அன்று குறைந்த வேகமே பதிவாகியிருந்தாலும் கலங்க வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் தேதியும் நேரமும் குறிப்பிட்டு, சூறைக்காற்றால் வீடு சேதமடைந்ததாகச் சான்று வாங்குங்கள். அரசு நிவாரணம் அறிவிக்கப்பட்டால் அதற்கும் இதே சான்றுதான் தேவைப்படும். உள்ளூர்ப் பதிப்பில் வந்த நாளிதழ்ச் செய்தி, அதே தெருவில் சேதமான மற்ற வீடுகளின் படங்கள், அன்று மாலை மின்சாரம் தடைபட்டதற்கான மின்வாரிய அலுவலகத்தின் குறிப்பு ஆகியவை சேர்ந்தால் வேறு சான்று தேவைப்படாது.

கொத்தனாரின் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். நேர்மையைப் பற்றி ஓர் ஆசிரியைக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதில் உள்ள ஆபத்தை மட்டும் சொல்கிறேன். பொய்யான அல்லது மிகைப்படுத்திய கோரிக்கை என்று நிறுவினால், மிகையான பகுதியை மட்டுமல்ல, முழுக் கோரிக்கையையுமே மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மேலும், “இரண்டு மடங்கு போட்டால் பாதி வரும்” என்ற கணக்கே தவறு. மொத்தமாக “கூரை வேலை இரண்டரை லட்சம்” என்று எழுதிய மதிப்பீட்டைத்தான் நாங்கள் வெட்டுகிறோம். எங்களிடம் சரிபார்க்க வழி இல்லாததால் வெட்டுகிறோம். ஓடு எத்தனை, முகட்டு ஓடு எத்தனை, எந்த மரத்தில் என்ன கனத்தில் எத்தனை அடி கைமரம், ரீப்பர் எத்தனை அடி, தச்சருக்கு எத்தனை நாள் கூலி, சித்தாளுக்கு எத்தனை நாள், வண்டி வாடகை எவ்வளவு என்று வரிவரியாக எழுதி, கடையின் விலைப்பட்டியலையும் இணைத்தால், அதில் கைவைக்க எந்தச் சர்வேயருக்கும் காரணம் கிடைக்காது. உண்மையில், அளக்கத் தெரியாமல் குறைவாகக் கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கூரையைத் தரையின் நீள அகலத்தால் அளக்கக் கூடாது, சரிவின் நீளத்தால் அளக்க வேண்டும். 30 பாகைச் சரிவுள்ள கூரை 400 சதுர அடித் தரையை மூடுகிறதென்றால், கூரையின் பரப்பு ஏறக்குறைய 460 சதுர அடி. தரைக்கு வெளியே நீளும் இறவாணம் தனி. இந்த அறுபது அடியைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். மறுபடியும் பயன்படக் கூடிய ஓடுகளுக்கும் மரங்களுக்கும் ஒரு மதிப்பைச் சர்வேயர் கழிப்பார், அது முறையானதே. அந்த மதிப்பு உங்களுக்கு அதிகமாகப் பட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

பக்கத்துக் கொல்லைக்காரர் ஏதாவது தருவதாகச் சொல்லி, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போட வேண்டாம். உங்களுக்கு இழப்பீடு தந்த பிறகு, மரத்தின் சொந்தக்காரர் மீது ஏதேனும் பொறுப்பு இருந்தால் அதைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்குப் போகிறது. அதை நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் கோரிக்கைக்கே இடையூறாகும். நன்றாக இருந்த மரம் காற்றில் சாய்ந்ததற்கு அவர் பொறுப்பாவது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்து உறவைக் கெடுத்துக்கொள்ளும்படியான விஷயம் இதில் ஒன்றும் இல்லை.

சர்வேயர் வரும் நாளில் தச்சரோ கொத்தனாரோ உடன் இருக்கட்டும். அவர் அளக்கும்போது நீங்களும் அதே அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கான கட்டணத்தை நிறுவனம் தருகிறது. நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை, யாராவது கேட்டால் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவருடைய அறிக்கையின் நகலையும் நீங்கள் கேட்டுப் பெறலாம். இழப்பீடு குறைவாக வந்தால் எந்த இனத்தில் எதற்காகக் குறைத்தார்கள் என்பது அதில்தான் தெரியும்.

தொகையைத் தருவதற்கு முன் “முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்” என்ற வாசகத்தோடு ஒரு விடுவிப்புச் சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். தொகை உங்களுக்கு ஏற்புடையதல்ல என்றால், “ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். அதே நாளில் மின்னஞ்சலிலும் அதைத் தெரிவியுங்கள். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டதைக் காட்டி, கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று ஆணையம் 2015 செப்டம்பர் 24 அன்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதன்பின் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓர் ஆண்டுக்குள் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். நீங்கள் இப்போது எடுக்கும் படங்களும் சாக்கில் எடுத்து வைக்கும் ஓடுகளும் அந்த மேசைக்கும் சான்றாகும்.

வங்கியைப் பற்றி ஒரு சொல். கடன் நிலுவையில் இருப்பதால் இழப்பீட்டுக் காசோலை வங்கியின் பெயருக்கே வரக்கூடும். பழுது பார்ப்பதற்காக அந்தத் தொகையை உங்கள் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்க ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதத்தைக் கிளை மேலாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்; இல்லையென்றால் அதைக் கடனில் கழித்துக்கொண்டு, கூரை போடக் கையில் பணம் இல்லாத நிலை வரும்.

பாலிசியின் அட்டவணை கைக்கு வந்ததும், உங்கள் பெயரையும் கடன் எண்ணையும் மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். அது எந்த வகைப் பாலிசி, பொருள்களுக்கும் மாடிக் கொட்டகைக்கும் எவ்வளவு கேட்கலாம் என்று பார்த்து, நீங்கள் கோரிக்கைப் படிவத்தைக் கொடுப்பதற்குள் எழுதுகிறேன். அதற்கு முன், தார்ப்பாய்.